வலி போன கைகள்

பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிறவியிலேயே காது கேளாதவர். காது கேளாதவர்கள் தங்களுக்குள் கையாலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். இடது புருவத்தின் குறுக்கே ஒரு விரலை இழுத்தால் அது அவர். வேலைக்குப் போன புதிதில் அலுமினியச் சட்டம் ஒன்று விழுந்து புருவத்தை இரண்டாகப் பிளந்ததால் வந்த பெயர் அது. எழுத்தில் அதைப் புருவம் என்றுதான் எழுத முடிகிறது. வேலைத்தளத்தில் மற்றவர்கள் அவரை சைலன்ஸர் என்றார்கள். தெருவில் ஊமை என்றார்கள். மூன்று பெயர்களில் சற்றும் பொருந்தாதது கடைசிப் பெயர். அந்தத் தெருவில் அவரளவுக்குப் பேசுகிற ஆள் இன்னொருவர் கிடையாது.

தொழில், ஃபால்ஸ் சீலிங் போடுவது. கடைகளிலும் அலுவலகங்களிலும் அண்ணாந்து பார்த்தால் வழவழவென்று தெரிகிற வெள்ளைக் கூரை உண்மையான கூரை இல்லை; அதற்குக் கீழே தொங்கவிட்ட பலகை. சாரத்தில் ஏறி நின்று, பலகையை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் திருகாணி முடுக்க வேண்டும். மூன்று பேருக்குக் கூலி கொடுக்க எந்த மேஸ்திரிக்கும் மனம் வராது. அதனால் ஒருவரே பலகையை உச்சந்தலையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் திருகாணி முடுக்குவார். பிறகு இணைப்புகளில் பட்டி போட்டு, காய்ந்ததும் உப்புக் காகிதத்தால் தேய்ப்பார். காலையிலிருந்து மாலைவரை முகம் மேலேயே இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் புருவம் இதைத்தான் செய்தார்.

கூட வேலை செய்கிறவர் ஒருவர் அவருக்கு நடித்துக் காட்டிய நகைச்சுவை ஒன்று உண்டு. "எந்நேரமும் மேலயே பாத்துக்கிட்டு இருக்கிறவன் ரெண்டே பேரு. வேண்டுதல் வைக்கிறவன் ஒருத்தன், சீலிங் அடிக்கிறவன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் மேலேர்ந்து வர்றது தூசிதான்." புருவத்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்று மாலையே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியின் கையில் சேர்த்தார்.

கையில் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவிக்கும் காது கேளாது. அவருடைய பெயர் கன்னத்தில் விரலால் ஒரு சுழற்று, அதாவது கன்னக்குழி. காது கேளாதோர் பள்ளியில் பார்த்து, பேசி, அவர்களாகவே முடிவுசெய்து நடந்த திருமணம். கன்னக்குழிக்கு இருந்த நோய் காதோடு நிற்கிற நோய் இல்லை. பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. திருமணத்தின்போது வளையல் வழியாகப் பார்ப்பதுபோல் உலகம் தெரிந்தது. மகள் பள்ளிக்கூடம் போகும்போது மோதிரம் வழியாக. மகள் வேலைக்குப் போகும்போது, ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டும் தெரிந்தது.

கண்ணால் பார்த்த பேச்சை அதன் பிறகு கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளப் பழகினார்கள். சமையலறை ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை முழங்கால் இடிக்கிற அளவுக்கு எதிரெதிரே போட்டுக்கொள்வார்கள். புருவம் பேசுவார். அவருடைய கைகளின்மேல் கன்னக்குழி தன் கைகளை லேசாகப் படரவிட்டு, அவை போகிற இடமெல்லாம் கூடவே போவார். புரிந்தால் ஆட்காட்டி விரலால் அவர் புறங்கையில் ஒரு தட்டு. அதுதான் அவருடைய 'ம்'.

இந்தக் கைமொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. விரலை எதிரே நீட்டினால் கலெக்டரும் அதுதான், கணவனும் அதுதான். ஆகவே அவர்கள் பேசியதை எழுதும்போது நீ என்றே எழுதுகிறேன்.

"இன்னிக்கு ஒரு துணிக்கடை. மொதலாளி ரூமுக்கு மட்டும் கூரை ஒசரமா வேணுமாம்."

"ஏன்? ஆள் ஒசரமா?"

"என் தோள் வரைக்கும்தான் இருக்கான். மனசுல ஒசரம்."

கன்னக்குழி சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தன் சிரிப்புக்குச் சத்தம் உண்டென்பதே அவருக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். ஒரு பெண் இப்படியா சிரிப்பாள் என்று மாடியிலிருந்து ஒரு முறை ஆள் அனுப்பினார்கள். மகள் கதவைத் திறந்து, "எங்க வீட்டுல சத்தம்னு இருக்கிறது இந்தச் சிரிப்பு ஒண்ணுதான். அதையும் நிறுத்தணுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

மகளுக்குக் காது கேட்கும். சலவை இயந்திரம் விற்கிற நிறுவனத்தில், பழுதென்று தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. வீட்டில் கையால் பேசி, வெளியில் வாயாலேயே பிழைக்கிறவள்.

புருவத்தின் மாலைப் பேச்சு ஒரு கட்டத்தில் குறைய ஆரம்பித்தது.

முதலில் கழுத்தில் ஒரு பிடிப்பு. பிறகு அது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஆணி அடித்ததுபோல் நின்றது. அங்கிருந்து வலது கையின் வெளிப்பக்கமாக இறங்கி, கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொதிநீர் ஓடுவதுபோல் எரிந்தது. அண்ணாந்தால் சுரீரென்று பாயும். வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டார். மாலையில்தான் தாங்கவில்லை. கன்னக்குழியின் கைகளுக்கு எடையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கைகளை நெஞ்சுயரத்தில் தூக்கி, அவற்றின்மேல் இன்னும் இரண்டு கைகளைத் தாங்கிக்கொண்டு பேசுவதற்குத் தோளும் கழுத்தும் ஒத்துழைக்க வேண்டும்.

வலியை அவர் சொல்லவில்லை. சொன்னால் மனைவி பேச்சுக் கேட்பதை நிறுத்திக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும். கன்னக்குழியிடம் வெளியுலகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த இரண்டு கைகளைத் தவிர வேறு வழியே இல்லை. மகளுக்கு ஷிஃப்ட் வேலை. அதனால் அவர் கதைகளைச் சுருக்கினார். துணிக்கடை முதலாளிகள் மறைந்தார்கள். "வேலை. சாப்பாடு. பஸ்." அவ்வளவுதான்.

கன்னக்குழி இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பார்வை முழுசாகப் போன பிறகு கணவருக்குத் தன்மேல் அலுப்பு வந்துவிட்டது என்று நினைத்தார். எந்நேரமும் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டிய ஒருத்தியோடு எத்தனை வருடம்தான் காலம் தள்ளுவது? அவரும் தன் பங்குக்கு, "போதும், எனக்குத் தூக்கம் வருது" என்று கையை எடுத்துக்கொண்டார். ஒருவருக்கொருவர் சிரமம் கொடுக்கக் கூடாதென்று இருவரும் சேர்ந்து அந்த வீட்டை ஊமையாக்கினார்கள்.

அடுத்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் மகளை வழிமறித்தார். "ஏம்மா, ஒங்கப்பா சாயங்காலமானா வாசப்படியில தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரே. குடி முழுகிப் போன மாதிரி. பாக்கச் சகிக்கல. அவரும் மனுஷன்தானே, எத்தனை நாளைக்குத்தான் ஒங்கம்மாவைச் சொமப்பாரு?"

"எங்கம்மாவை யாரும் சொமக்கலைக்கா. அவங்களே நடப்பாங்க," என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே வந்தாள். ஆனால் அந்தக் கை அவளை உறுத்தியது. கவனித்தாள். அப்பாவின் வலது கை, எப்போதும் வலது கை, உச்சந்தலையில் இருந்தது. கீழே இறக்கினால் முகம் சுருங்கியது. மறுபடி தலைக்குப் போனால் முகம் தெளிந்தது. வருத்தப்படுகிறவர் இப்படிக் கையை ஏற்றி இறக்கி அளந்து பார்த்து வருத்தப்படுவதில்லை. நசுங்கிய நரம்பு, கையைத் தலைமேல் தூக்கி வைத்தால் கொஞ்சம் தளர்கிறது. தெருவுக்கே தலையெழுத்தாகத் தெரிந்தது, கழுத்தெலும்பு பற்றிய ஒரு செய்தி.

மகள் நேராகக் கேட்டாள். புருவம் மழுப்பினார். அவள் அம்மாவின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். கன்னக்குழி எழுந்து, தடவிக்கொண்டே போய், கணவரின் தோளில் ஓர் அறை வைத்தார், நல்லவேளையாக இடது தோளில்.

"வலிக்குதுன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"அதையும் இந்தக் கையாலதானே சொல்லணும்?"

"நான் என்னென்னவோ நெனச்சேன்."

"என்ன நெனச்சே?"

கன்னக்குழி அவருடைய வலது தோளைத் தேடித் தடவினார்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்றார் ஒரு உறவினர். ஒரே ஒரு கூரைப் பலகையைத் தூக்கிப் பார்த்திருந்தால் அவர் போன ஜென்மம் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. மகள் அப்பாவைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். படம் எடுத்தார்கள். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்க வேண்டிய வட்டுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. எலும்பு விளிம்புகளில் முள் மாதிரி வளர்ச்சி. நரம்பு வெளியே வருகிற துவாரம் குறுகிப்போயிருந்தது. அதைச் சொன்ன எலும்பு மருத்துவர் புருவத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "வலி எந்த விரலுக்குப் போகுது, கேட்டுச் சொல்லும்மா," "எரிச்சலா மரமரப்பா, கேட்டுச் சொல்லும்மா." அந்த அறையில் நாற்காலி, மேசை, நோயாளி. மருத்துவமனையில் சாரம் கட்ட ஆள் வைத்திருந்தார்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருந்தார்கள். கைமொழி தெரிந்த ஓர் ஆள் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மகள் விடுப்பு எடுத்தால்தான் அவருக்கு வலி என்பதே அந்தக் கட்டடத்துக்குத் தெரியும்.

மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தலை சுற்றியது. சாரத்தில் நிற்கிறவனுக்குத் தலைசுற்றல் வலியைவிட ஆபத்து. அப்போதுதான் அதே மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த கரண்ட் ஊசிப் பிரிவுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். முடியைவிடச் சற்றே தடித்த ஊசிகளைக் கழுத்தெலும்பின் ஓரத்திலும் தோளிலும் கையிலும் செருகி, சின்னப் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டி, மெல்லிய மின்சாரம் துடிக்கவிடுகிற அக்குபங்சர். அதை நடத்தியவர் நடுவயதுப் பெண் மருத்துவர். அவர் சக்தி ஓட்டம், நாடி அடைப்பு என்றெல்லாம் ஆரம்பித்திருந்தால் மகள் அப்போதே எழுந்து வந்திருப்பாள்.

"இது தேஞ்ச எலும்பைச் சரி பண்ணாதும்மா. அதை மொதல்ல சொல்லிடறேன். வலியைக் குறைக்கலாம். உள்ள என்ன நடக்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது. அந்தத் துடிப்பு, வலியைச் சொல்லிக்கிட்டு மூளைக்குப் போற சேதியை மட்டுப்படுத்துது. ஒடம்பு தானாவே சொரக்கிற வலிமருந்தும் கொஞ்சம் ஊறுதுன்னு சொல்றாங்க. நிறைய பேருக்குக் கேட்டிருக்கு. ஆனா ஆராய்ச்சியெல்லாம் சின்னச் சின்னதா நடந்தது. கொஞ்ச நாள்தான் கூட இருந்து பாத்திருக்காங்க. எத்தனை நாள் தாங்கும்னு கேட்டா, தெரியாது."

மருத்துவத்தில் தெரியாது என்ற சொல்லைக் கூசாமல் சொல்கிறவரிடம் உடம்பைக் கொடுக்கலாம். மகள் அதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேச முடியுமா?"

முதல் நாள் ஒரு சிக்கல் வந்தது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலும், முன்கையிலும் ஊசிகள். கையை ஆட்டக் கூடாது. அதாவது வாயை மூடிக்கொள்ள வேண்டும். உதவியாளர் பெட்டியின் குமிழைத் திருப்பிக்கொண்டே போனார். மற்ற நோயாளிகள் "போதும் சார்" என்பார்கள். இவரிடமிருந்து சத்தம் வராததால் இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். புருவத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிய பிறகுதான் மருத்துவர் ஓடிவந்து நிறுத்தினார்.

அடுத்த முறை கன்னக்குழி கூடவே வந்தார்.

"கண்ணு தெரியாதவங்கள எதுக்கும்மா உள்ளக் கூட்டிட்டு வர்றீங்க? ஒயர்ல கை பட்டுடப் போவுது," என்றார் உதவியாளர்.

மகள் விளக்கினாள். கன்னக்குழி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கணவரின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கை கட்டுப்பட்டால் கால் பேசட்டும். பெருவிரலை ஒரு முறை மடக்கினால் இன்னும் கொஞ்சம். இரண்டு முறை மடக்கினால் போதும். இரண்டாவது மடிப்பு உள்ளங்கையில் பட்டதும் கன்னக்குழி கட்டில் சட்டத்தைப் படாரென்று அறைந்தார்.

"யம்மா! கட்டிலை ஒடச்சிடாதீங்க!"

"அவங்க அடிச்சா நிறுத்து," என்றார் மருத்துவர். "இங்க நமக்கெல்லாம் மேல அவங்கதான்."

ஊசி கேட்டது. எல்லோருக்கும் கேட்காது, இவருக்குக் கேட்டது. சில வாரங்களில் கொதிநீர் வெந்நீராகி, வெதுவெதுப்பாகி, பல நாட்கள் ஒன்றுமே இல்லாமலும் போனது. மல்லாந்து படுத்துத் தூங்கினார். வாசற்படிக்கு வரவில்லை. சமையலறை ஜன்னலோரம் நாற்காலிகள் மறுபடி நெருங்கின. பல மாதங்களாக அடைத்து வைத்திருந்ததை எல்லாம் அவர் அவிழ்த்துவிட்டார். எந்தக் கடையில் எந்த முதலாளி, எந்த பஸ்ஸில் யார் யாரோடு சண்டை, எவன் குடையை எவள் எடுத்துக்கொண்டு இறங்கினாள், எல்லாம். "பழசையெல்லாம் ஏன் இப்ப சொல்றே?" என்பார் கன்னக்குழி. "ஒனக்கு இன்னும் வரலையே!" என்பார் அவர். மாடிவீட்டுக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்புகிற அளவுக்குச் சிரிப்பு.

ஊசி மருத்துவர் ஒருநாள் நடைவழியில் மகளைப் பிடித்து எச்சரித்தார். "வலி குறைஞ்சதுன்னு அண்ணாந்து பாக்கிற வேலைக்குப் போகக் கூடாது. இன்னொண்ணு. இப்ப நசுங்கறது பக்கத்து நரம்பு. நடுவுல தண்டுவடமும் நெருக்கத்துலதான் இருக்கு. அது நசுங்க ஆரம்பிச்சா வலியே இல்லாமக்கூட இருக்கும். பட்டன் போடத் தடுமாறினா, கை வேலை சுத்தமில்லாமப் போனா, நடை பின்னினா, ஊசிக்குக் காத்திருக்காம அன்னைக்கே சர்ஜன்கிட்ட வரணும்."

மகள் இதை அப்பாவுக்கு ஒரு வரி விடாமல் சொன்னாள். அவர் சிரித்தார். "நான் எங்கே பட்டன் போடறேன்? பனியனோடதானே பொழப்பு." கன்னக்குழி அதே நடைவழியில், ஒரு கை தூரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் அவருடைய கையை எடுத்து அதைச் சொல்லவில்லை.

வலி போன கையைத் தேடி முதலில் வந்தவர் மேஸ்திரி. கீழே நின்று பலகை அறுக்கிற வேலையாவது கொடுங்கள் என்று மகள் கேட்டுப் பார்த்தாள்.

"அறுக்கிறதுக்கு ஆளு இருக்கும்மா. எனக்கு மேல நிக்கிற ஆளுதான் வேணும். ஜாயிண்ட்டு தெரியாம பட்டி இழுக்க சைலன்ஸரை விட்டா யாரு இருக்கா? அதான் வலி போயிடுச்சில்ல? அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. கழுத்து அவருடையது இல்லையே. கழுத்து தேய்ந்தவனுக்குத் தரையில் ஒரு வேலை கொடு என்று சொல்கிற சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. மனிதனுடைய வலியைத் தணிக்க விஞ்ஞானம் பாடுபடும். தணிந்த மறுநாளே அவனை அதே சாரத்தில் ஏற்ற ஆள் காத்திருப்பான்.

"போகாதே," என்றார் கன்னக்குழி.

"பொண்ணு சம்பாத்தியத்துலயே எத்தனை நாளு?"

"நான் கொஞ்சமாச் சாப்பிடறேன்."

"நீயா? கொஞ்சமாவா?"

அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. அவர் போனார். கொஞ்ச நாளில் மகளையும் நிறுவனம் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியது.

பல மாதங்கள் கழித்து ஒரு மாலை, பேச்சின் நடுவில் கன்னக்குழிக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் முறையும் பிடிபடவில்லை. மூன்றாம் முறை கேட்க மனம் வராமல் புறங்கையில் ஒரு தட்டு தட்டிவைத்தார். அடுத்த வாரம் அப்படி ஐந்தாறு சொற்கள். கணவரின் விரல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிப் போவதுபோல் இருந்தது. நனைந்த காகிதத்தில் எழுத்து கலைவதுபோல்.

அவருடைய கை கெடுகிறது என்று கன்னக்குழிக்குத் தோன்றவே இல்லை. தன் கை போகிறது என்று நினைத்தார்.

நினைக்கக் காரணம் இருந்தது. காது பிறக்கும்போதே இல்லை. கண் இப்படித்தான் போனது: முதலில் சில விஷயங்கள் மட்டும் மங்கின, பிறகு எல்லாம். இப்போது தொடு உணர்வின் முறை வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. பகலில் தனியாக உட்கார்ந்து பரிசோதித்தார். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் கொட்டிப் பிரித்துப் பார்த்தார், தவறில்லை. சீப்பின் பற்களை எண்ணினார், சரியாக வந்தது. ஆனாலும் மாலையில் பேச்சு மங்கலாகவே வந்தது. பேச்சு நுட்பமானது, அதனால் அது முதலில் போகிறது, அரிசி பருப்பு பிறகு போகும் என்று முடிவுகட்டினார். சோதனையில் குறையில்லை, முடிவுதான் தவறு. அந்த முடிவை உடைக்க வேண்டிய ஒரே தகவலை, கை வேலை சுத்தமில்லாமல் போனால் உடனே வா என்ற தகவலை, அவரைத் தவிர எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். நாள்தோறும் அந்தக் கைகளின்மேல் கை வைத்திருந்த ஒரே மனிதருக்குச் சொல்லவில்லை. காதும் கண்ணும் இல்லாத பெண்ணிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார். புரியாத இடத்திலும் தட்டினார். புருவத்துக்கோ விரல் நுனிகள் மரத்திருந்தன, வலி துளியும் இல்லை. தன் சொற்கள் குழறுவது அவருக்கே தெரியவில்லை. தட்டு வருகிறதே, புரிகிறது என்று நினைத்துக்கொண்டு பேசினார். வேலையில் திருகாணி அடிக்கடி நழுவியது. மேஸ்திரி "வயசாயிடுச்சா?" என்று நடித்துக் காட்ட, அவரும் வயது என்றே எடுத்துக்கொண்டார்.

மகள் விடுப்பில் வந்தாள். பையை இறக்கி வைத்தவுடன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, தன் கைகளை அவர் கைகளுக்கு அடியில் கொடுத்துப் பேச ஆரம்பித்தாள். ரயிலில் வந்தது, எதிர் சீட்டுக்காரர் குறட்டை, புது மேலதிகாரியின் அலட்டல். வேகமாக, மாதக்கணக்கில் பேசாததையெல்லாம். கன்னக்குழியின் விரல் தட்டிக்கொண்டே வந்தது. சட்டென்று நின்றது.

"என்னம்மா?"

"இன்னொரு வாட்டி சொல்லு."

"எதை? குறட்டையா?"

"எதையாவது சொல்லு. வேகமாச் சொல்லு."

மகள் சொன்னாள். கன்னக்குழியின் முகம் மலர்ந்தது. "புரியுது! எல்லாம் புரியுது! எனக்குக் கை போகல. நான் பயந்துட்டேன். எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு." மகளின் கையை இழுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. தன் கை நன்றாக இருக்கிறது என்றால், பிறகு எது கெட்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பாவின் பேச்சுதான் பிடிபடவில்லை என்று அவர் சொன்னதும், மகளுக்கு அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்ததும், அலமாரியிலிருந்து அவருடைய திருமணச் சட்டையை எடுத்து நீட்டினாள். "போட்டுக் காட்டுப்பா." அவர் சிரித்துக்கொண்டே கையை நுழைத்தார். முதல் பட்டன் துளைக்குள் போகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். விரல்கள் துளையைத் தேடிக்கொண்டே இருந்தன. பிறகு சிரிப்பு நின்றது.

அறுவை நடந்தது. முள்ளை வெட்டி, தண்டுவடத்துக்கு இடம் கொடுத்து, உலோகத் தகடு வைத்து எலும்புகளைப் பிணைத்தார்கள். "இதுக்கு மேல கெடாது," என்றார் அறுவை மருத்துவர். "போனது திரும்புமான்னு கேட்டா, பெருசா எதிர்பார்க்காதீங்க. முன்னாடியே வந்திருக்கணும்." இந்த முறையும் மகளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் அம்மாவின் கையை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே, ஒவ்வொரு சொல்லாக அதில் சேர்த்தாள். மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை.

ஊசி மருத்துவரையும் போய்ப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலியை நிறுத்தினது தப்பில்லைம்மா. வலியோட அவரை விட்டிருக்க முடியுமா? ஆனா இவங்ககிட்ட நான் நேரா சொல்லியிருக்கணும்," என்று சொல்லி, கைமொழி தெரியாததால் கன்னக்குழியின் இரண்டு கைகளையும் சும்மா பிடித்துக்கொண்டார். கன்னக்குழி கையை உருவிக்கொண்டார். மன்னிக்கிற மனநிலையில் அவர் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

புருவம் இப்போது வேலைக்குப் போவதில்லை. கழுத்தும் தோளும் அவ்வப்போது முனகும்போது பின்கட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறார். அது இன்றும் கேட்கிறது. வலி இல்லை என்று அவர் சொன்னால் உண்மையாகவே இல்லை. விரல்கள்தான் சொன்னபடி நடப்பதில்லை. ஒரு வாக்கியம் சொல்லப் பல நிமிடம் ஆகிறது. அதிலும் பாதி கலைந்துவிடுகிறது. பழுதுபடாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று: தட்டுவது.

அதனால் மாலைகளில் ஆட்கள் மாறிவிட்டார்கள். கன்னக்குழி பேசுகிறார், புருவம் பார்க்கிறார். காதும் கண்ணும் இல்லாதவர், கணவர் பார்த்துவிட்டு வந்த தெருவைத் தானே ஊகித்து அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆமாம் என்றால் மனைவியின் புறங்கையில் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு.

"இன்னிக்கு வெளிய போனியா?"

ஒரு தட்டு.

"டீக்கடை வரைக்குமா?"

ஒரு தட்டு.

"கூட வேலை பாத்தவங்க யாரையாவது பாத்தியா?"

தட்டு வரத் தாமதமானது. டீக்கடை எதிரில் புதிய கட்டடம் ஒன்றுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வாசலில் நின்றிருந்தார். புருவத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் உள்ளே போனார். இதைச் சொல்ல அவருக்குக் கை இருந்தால், அந்த மேஸ்திரி உள்ளே நழுவிய விதத்தையே நடித்துக் காட்டி மாடிவீட்டுக்குக் கேட்கிறமாதிரி மனைவியைச் சிரிக்கவைத்திருப்பார்.

ஒரு தட்டு.

"மேஸ்திரியா?"

ஒரு தட்டு.

"ஒன்னைப் பத்தி விசாரிச்சாரா? நீ இல்லாம ஜாயிண்ட்டெல்லாம் தெரியுதுன்னு பொலம்பினாரா?"

கன்னக்குழியின் முகம் அவருக்கு எதிரே, பதிலுக்காக நீண்டு காத்திருந்தது.

புருவம் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டினார்.